பழி ஓரிடம், வைரஸ் ஓரிடம்

துறைமுகம் இருக்கும் ஊர்மீது நோய்ப் பழி எளிதாக விழும். கப்பல் வருகிறது, முகம் தெரியாத ஆட்கள் வருகிறார்கள், கூடவே நோயும் வருகிறது என்று உலகமெங்கும் மக்கள் நினைத்து வந்திருக்கிறார்கள். வடசென்னையும் இந்த நினைப்புக்குத் தப்பவில்லை. ராயபுரத்துக்கு 1856-லேயே ரயில் வந்துவிட்டது. காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம், திருவொற்றியூரிலும் மணலியிலும் ஆலைகள், 2001 முதல் எண்ணூரில் இன்னொரு துறைமுகம். நாள்கணக்கில் கடலில் தங்கிவிட்டு வரும் லாஞ்சு ஆட்கள், எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரியை வரிசையில் நிறுத்திவிட்டுக் காத்துக் கிடக்கும் டிரைவர்கள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் தங்கி வேலை பார்க்கும் இளைஞர்கள் என்று, வீட்டைவிட்டு வந்த ஆண்கள் திரளும் நிலம் இது. எய்ட்ஸ் பற்றிய அச்சம் பரவிய ஆண்டுகளில் இப்படிப்பட்ட இடங்களை நோக்கித்தான் விரல்கள் நீண்டன. லாரிக்காரர், மீனவர், பாலியல் தொழிலாளி ஆகியோரிடமிருந்து நோய் கிளம்பி 'நல்ல குடும்பங்களுக்குள்' நுழைகிறது என்ற கதையைக் கேட்காத தமிழர் குறைவு.

இந்தக் கதையில் இரண்டு செய்திகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. ஒரு சமூகத்தில் நோய் மிகுதியாக இருக்கிறது என்பது ஒரு செய்தி. அந்தச் சமூகத்திலிருந்துதான் மற்றவர்களுக்கு நோய் போகிறது என்பது வேறொரு செய்தி. முதலாவதை ரத்தப் பரிசோதனை செய்து, எண்ணிக்கை எடுத்துச் சொல்லிவிடலாம். இரண்டாவதை எந்த எண்ணிக்கையும் சொல்லாது. நூறு பேரில் பத்துப் பேருக்கு எச்.ஐ.வி. உள்ள ஒரு குப்பம் ஊருக்கு நோயைக் கொடுத்துக்கொண்டிருக்கலாம், ஊரிடமிருந்து வாங்கிக்கொண்டும் இருக்கலாம். இரண்டிலும் கணக்கேட்டில் அதே பத்துதான் இருக்கும். திசையைக் காட்டவல்லது வைரஸின் மரபணு. அதை எப்படிப் படிக்கிறார்கள், படித்தபோது என்ன தெரியவந்தது என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம்.

எச்.ஐ.வி.யின் மரபணுத் தொகுதி மிகச் சிறியது. ஏறத்தாழ 9,700 எழுத்துகள். மனிதனுடையது 300 கோடி. வைரஸ் நம் செல்லுக்குள் நுழைந்ததும் தன் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாகப் பெயர்த்து எழுதுகிறது. இந்த வேலையைச் செய்யும் நொதியான ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸுக்கு எழுதியதைத் திரும்பச் சரிபார்க்கும் திறன் கிடையாது. சிகிச்சை எடுக்காத ஒருவர் உடலில் ஒரு நாளில் உருவாகும் வைரஸ் துகள்கள் சுமார் ஆயிரம் கோடி என்று 1996-இல் கணக்கிட்டார்கள். இத்தனை பிரதிகளும் சரிபார்ப்பவர் இல்லாமல் எழுதப்படுவதால் பிழைகள் மலிந்துகொண்டே போகும். சில வைரஸை அழித்துவிடும், பல ஒன்றும் செய்யாது, சில வைரஸுக்குச் சாதகமாகவும் அமையும். பிழைத்துக்கொண்ட வைரஸ் தன்னிடமுள்ள பிழைகளையும் அடுத்த பிரதிக்குக் கடத்தும்.

பிழைகளை வைத்து உறவைக் கண்டறியும் வேலை நம் பதிப்பாசிரியர்களுக்குப் பழக்கமானதுதான். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிடுவதற்கு முன் பல ஊர்களிலிருந்து ஏடுகளைத் திரட்டி ஒப்பிட்டார். ஏடு பெயர்த்து எழுதியவர் ஓரிடத்தில் செய்த பிழை, அந்த ஏட்டைப் பார்த்து எழுதிய எல்லா ஏடுகளிலும் வரும். ஆகவே ஒரே வினோதமான பிழை இரண்டு ஏடுகளில் இருந்தால், இரண்டுக்கும் மூல ஏடு ஒன்று என்று ஊகிக்கலாம். வைரஸை ஆராய்பவர்களும் இதையே செய்கிறார்கள். பலருடைய ரத்தத்திலிருந்து வைரஸின் மரபணு வரிசையைப் படித்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, எந்தப் பிழைகளை யார் யார் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று பார்த்து ஒரு வம்சாவளி மரம் வரைகிறார்கள். பிழைகள் ஓரளவு சீரான வேகத்தில் சேர்வதால், இரண்டு கிளைகள் எந்தக் காலத்தில் பிரிந்தன என்றும் மதிப்பிட முடிகிறது. எச்.ஐ.வி. பெருந்தொற்றின் வேர் 1920-களின் கின்ஷாசா நகரில் இருக்கிறது என்று 2014-இல் காட்டியது இந்த மரம்தான். அந்த நகரிலும் ரயிலும் ஆற்றுப் போக்குவரத்தும் இருந்தன; வேலை தேடி வந்த ஆண்கள் நிறைந்திருந்தார்கள்.

இந்தியாவில் இந்த வைரஸ் முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில். 1986-இன் தொடக்கம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் ஆய்வேட்டுக்காக இந்த வைரஸைத் தேடும் வேலையைக் கொடுத்தார். எய்ட்ஸ் வெளிநாட்டார் நோய், ஒழுக்கம் மிகுந்த நம் நாட்டுக்கு வராது என்று பலரும் உறுதியாகப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. நிர்மலா மயிலாப்பூரில் பாலியல் தொழில் வழக்கில் பெண்களை வைத்திருந்த காப்பகத்துக்குப் போய் ரத்தம் சேகரித்தார். கையுறைகூட இல்லை. மாதிரிகளைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் பத்திரப்படுத்தினார். பிறகு கணவரோடு ரயிலேறி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். எலைசா பரிசோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறமாகித் தொற்றைக் காட்டின. அமெரிக்காவில் செய்த வெஸ்டர்ன் பிளாட் பரிசோதனையும் அதை உறுதிசெய்தது. மே மாதம் மாநில சுகாதார அமைச்சர் எச்.வி.ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார்.

அந்த ஆறு பெண்களிடமிருந்துதான் இந்தியாவில் எய்ட்ஸ் தொடங்கியது என்பது போன்ற ஒரு நினைப்பு இன்றும் சிலரிடம் இருக்கிறது. முதலில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள்மீது முதலில் பரப்பியவர்கள் என்ற பழியும் ஏறிவிட்டது. வைரஸின் மரம் இதை மறுக்கிறது. இந்தியாவில் பெருவாரியாக இருப்பது எச்.ஐ.வி.-1 சி உள்வகை; படிக்கப்பட்ட வரிசைகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் அதுதான். தென்னாப்பிரிக்காவிலும் இதே உள்வகைதான் ஓங்கியிருக்கிறது. ஆனால் இந்திய சி வரிசைகளில் பெரும்பாலானவை மரத்தில் தனிக் கிளையாகச் சேர்ந்து நிற்கின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரே ஒரு வைரஸோ, நெருங்கிய உறவுடைய சிலவோதான் நாடெங்கும் பெருகியிருக்கின்றன என்பது இதற்குப் பொருள். அந்தக் கிளையின் வேர் 1970-களை ஒட்டி இருக்கிறது. மயிலாப்பூரில் ரத்தம் எடுக்கப்படுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே வைரஸின் பயணம் தொடங்கிவிட்டது. அது எத்தனையோ உடல்களைக் கடந்து, பரிசோதிக்கப்படாத எத்தனையோ பேர் வழியாக வந்துதான் அந்தப் பெண்களை அடைந்தது. அவர்களிடம் போன ஆண்களின் ரத்தத்தை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. காப்பகத்தில் அடைபட்டிருந்தவர்களிடம் எடுப்பது எளிது என்பதால் அவர்களிடம் எடுத்தார்கள். மரபணு வரிசை கையில் இல்லாதபோது, சமூகம் இந்த எளிமையைச் சான்றாக எடுத்துக்கொண்டது.

விளைவு கொடுமையாக இருந்தது. நோய் இருப்பதாகத் தெரிந்த பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் விடுவிக்காமல் அடைத்து வைத்தார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் தொடுத்த பொதுநல வழக்கில், 1990-இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே அவர்கள் வெளியே வந்தார்கள்.

இதே சி வகை இந்தியாவோடு நிற்கவில்லை. அது வடகிழக்கு எல்லையைத் தாண்டி, தாய்லாந்திலிருந்து வந்த பி வகையின் ஒரு கிளையோடு கலந்து, சீனாவின் யுன்னான் பகுதியில் புதிய கலப்பு வைரஸ்களாக உருவெடுத்தது. ஹெராயின் போன பாதையும் வைரஸ் போன பாதையும் ஒன்றாக இருந்ததைக் காவல்துறைக் கோப்புகளைவிடத் தெளிவாக மரபணு வரிசைகள் காட்டின.

நாடு விட்டு நாடு போனதைக் காட்டுவது எளிது; ஆண்டுகள் பல ஆகியிருக்கும், வேறுபாடுகள் நிறையச் சேர்ந்திருக்கும். பக்கத்து ஊருக்குப் பக்கத்து ஊர் எந்தத் திசையில் போனது என்று சொல்வதுதான் கடினம். அதற்கு இன்னொரு நுட்பம் தேவைப்பட்டது. நீண்டகாலமாகத் தொற்றுள்ள ஒருவர் உடலில் இருப்பது ஒரு வைரஸ் அல்ல, சற்றே வேறுபட்ட வைரஸ்களின் பெருங்கூட்டம். உடலுறவு வழியாக இன்னொருவருக்குத் தொற்றும்போது, பெரும்பாலும் அந்தக் கூட்டத்திலிருந்து ஒரே ஒரு வைரஸ்தான் வேர்பிடிக்கிறது. எனவே இருவருடைய வைரஸ் கூட்டங்களையும் விரிவாகப் படித்தால், வாங்கியவருடைய கிளை கொடுத்தவருடைய கிளைகளுக்கு நடுவிலிருந்து முளைத்திருப்பது தெரியும். இதைக் கண்டறியும் கணினி நிரல்கள் 2010-களின் பிற்பகுதியில் பயனுக்கு வந்தன.

காசிமேட்டை மனத்தில் வைத்துக்கொண்டு இனி உகாண்டாவுக்குப் போவோம். விக்டோரியா ஏரிக்கரையில் ராக்காய் வட்டாரம். கரையோர மீனவக் குடியிருப்புகளில் வயது வந்தவர்களில் பத்தில் நான்கு பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. உள்நாட்டு விவசாய ஊர்களில் ஊருக்கு ஊர் மாறினாலும் அதைவிட மிகக் குறைவு. பார்த்தவர் எல்லாரும் ஒரே முடிவுக்குத்தான் வந்தார்கள்: ஏரிக்கரைதான் ஊற்று, அங்கிருந்துதான் உள்நாட்டு ஊர்களுக்கு நோய் வடிகிறது, ஊற்றை அடைத்தால் போதும். கொள்கைகளும் அந்தத் திசையில் யோசிக்கத் தொடங்கின.

ராக்காய் ஆய்வாளர்கள் நான்கு மீனவக் குடியிருப்புகளிலும் முப்பத்தாறு உள்நாட்டு ஊர்களிலும் 2011 முதல் 2015 வரை திரட்டிய மாதிரிகளில் வைரஸ் வரிசைகளை ஆழமாகப் படித்து, எந்த ஊர்க்காரரிடமிருந்து எந்த ஊர்க்காரருக்குப் போனது என்று கணக்கிட்டார்கள். 2020-இல் வெளியான முடிவு எல்லார் எண்ணத்தையும் புரட்டிப்போட்டது. உள்நாட்டு ஊர்களின் தொற்றுகளில் பெரும்பான்மை உள்நாட்டு ஊர்களுக்குள்ளேயே நடந்தவை. இரண்டு பகுதிகளுக்கும் இடையே கடந்த சிறிய அளவிலும், ஏரியிலிருந்து ஊருக்குப் போனதைவிட ஊரிலிருந்து ஏரிக்கு வந்ததுதான் அதிகம். உள்நாட்டு ஊர்களில் தொற்று பெற்றவர்கள் வேலை தேடி ஏரிக்கரைக்கு இடம்பெயர்ந்ததும் இதற்கு ஒரு காரணம். கணவனை இழந்தோ வாழ்க்கை முறிந்தோ கரையோரக் கடைகளில் வேலைக்கு வரும் பெண்களை நினைத்துப் பார்த்தால், இது ஏன் என்று விளங்கும். பழி சுமந்த கரைதான் பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும் இடமாக இருந்தது.

இந்த முடிவை அப்படியே வடசென்னைக்குப் பொருத்துவது தவறு. நம் நாட்டில் வயது வந்தவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஆயிரத்துக்கு இரண்டு பேர் அளவில்தான். ராக்காயோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் அந்த ஆய்வு உடைத்த தர்க்கம் இங்கும் உயிரோடிருக்கிறது. நோய் எங்கே மிகுதியோ அங்கிருந்தே பரவுகிறது என்று சான்றில்லாமல் சொல்வதை இனி யாரும் அறிவியல் என்று அழைக்க முடியாது. வேலைக்காக மனிதர்கள் வந்து குவியும் இடத்துக்கு அவர்கள் கொண்டுவருவது உழைப்பை மட்டும் அல்ல. ஊரில் ஏற்கெனவே இருந்த நோயும் அவர்களோடு வருகிறது. ராயபுரமும் எண்ணூரும் தமிழ்நாட்டின் சுமைகளோடு அதன் நோய்களையும் வாங்கிச் சுமக்கின்றன என்று கருதிப் பார்ப்பதற்கு, மற்ற கதையைவிட நல்ல அடிப்படை இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

சமூகம் என்பது ஊர் மட்டுமல்ல, வயதும்தான். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில் 2017-இல் வெளியான ஆய்வு, 25 வயதுக்குட்பட்ட பெண்களுக்குத் தொற்று வந்தது பெரும்பாலும் தங்களைவிட எட்டு ஒன்பது ஆண்டு மூத்த ஆண்களிடமிருந்து என்று காட்டியது. பள்ளி மாணவிகளுக்கு அறிவுரை சொன்னால் போதும் என்றிருந்த திட்டங்கள், முப்பது வயது ஆண்களைப் பரிசோதனைக்கு அழைத்துவர வேண்டும் என்பதை அதன்பிறகு புறக்கணிக்க முடியவில்லை.

சென்னைக்கு இந்தக் கதையில் நேரடியான, பெருமைக்குரிய பங்கு உண்டு. சுனிதி சாலமன் 1993-இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையம், எச்.பி.டி.என். 052 என்ற பன்னாட்டு ஆய்வில் ஒரு களம். புனேயும் அதில் இருந்தது. ஒன்பது நாடுகளில் 1,763 இணையர்களைச் சேர்த்தார்கள். ஒவ்வோர் இணையிலும் ஒருவருக்குத் தொற்று உண்டு, மற்றவருக்கு இல்லை. பாதிப்பேருக்கு உடனே ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து, மீதிப்பேருக்கு அன்றைய வழக்கப்படி நோய் எதிர்ப்பு சக்தி ஓரளவு குறைந்த பிறகு. மருந்து நோயாளியைக் காப்பது தெரிந்ததே. அவருடைய துணையையும் காக்குமா என்பதுதான் கேள்வி.

இங்கே ஒரு சிக்கல். ஆய்வுக் காலத்தில் துணைக்குத் தொற்று வந்தால், அது வீட்டிலிருந்து வந்ததா வெளியிலிருந்து வந்ததா என்று எப்படித் தெரியும்? கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. ஆகவே இருவருடைய வைரஸ் வரிசைகளையும் ஒப்பிட்டார்கள். 2011-இல் முடிவு வெளியானபோது 39 பேருக்குப் புதிதாகத் தொற்று வந்திருந்தது. அவற்றில் 28 மட்டுமே ஆய்வில் இருந்த துணையின் வைரஸோடு மரபணு வழியில் இணைந்தன. அந்த 28-இல் 27 மருந்தைத் தாமதமாகத் தொடங்கிய குழுவில் நேர்ந்தவை. உடனே மருந்து பெற்ற குழுவில் ஒன்றே ஒன்று. தொற்று 96 விழுக்காடு குறைந்தது. மரபணு ஒப்பீடு இல்லாமல் 39-ஐயும் ஒரே கணக்கில் போட்டிருந்தால் மருந்தின் வலிமை மங்கித் தெரிந்திருக்கும். வைரஸை அடக்கும் மருந்து பரவலையும் அடக்குகிறது என்ற, இன்று உலகம் முழுவதும் சிகிச்சைக் கொள்கையைத் தாங்கி நிற்கும் உண்மை, சென்னை இணையர்களும் கொடுத்த ரத்தத்தால் நிறுவப்பட்டது. தொற்று உறுதியானதும் எல்லாருக்கும் உடனே கூட்டு மருந்து என்று இந்தியா 2017-இல் முடிவெடுத்தது.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்தக் கருவி எங்கே தவறும் என்பதையும் அதே அக்கறையோடு சொல்லியாக வேண்டும். இருவருடைய வைரஸ்கள் நெருங்கிய உறவாக இருந்தால், ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நேரே போனது என்று ஆகிவிடாது. இருவருக்கும் மூன்றாமவர் ஒருவர் கொடுத்திருக்கலாம். இடையில் ஒருவர் இருந்து, அவர் மாதிரி கொடுக்காமலே போயிருக்கலாம். திசை காட்டும் புதிய நிரல்களும், ராக்காயில் சோதித்துப் பார்த்தபோது, ஆறில் ஒரு முறை அளவுக்குத் தவறின. ஆயிரக்கணக்கான மாதிரிகளைக் கூட்டிப் பார்க்கும்போது இந்தத் தவறைக் கணக்கியலால் திருத்திக்கொள்ளலாம். ஒரு கணவன் மனைவியின் விஷயத்தில் ஆறில் ஒன்று என்பது ஒரு குடும்பத்தைச் சிதைக்கப் போதுமானது. வேறொரு குறையும் உண்டு. மருந்து ஒழுங்காக எடுப்பவர் ரத்தத்தில் படிப்பதற்கு வைரஸே இருக்காது. எனவே மரத்தில் இடம்பெறுபவர்கள் பெரும்பாலும் மருந்து கிடைக்காதவர்கள், மருந்தை விட்டுவிட்டவர்கள், புதிதாகத் தெரியவந்தவர்கள். மருத்துவமனைக்கு வரவே அஞ்சுபவர்கள் மரத்தில் விடுபட்டுப் போகிறார்கள்.

நீதிமன்றங்களும் இந்த மரத்தைத் தேடிப் போகின்றன. லிபியாவில் பெங்காசி நகர மருத்துவமனையில் நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குத் தொற்று வந்தபோது, ஐந்து பல்கேரியச் செவிலியரையும் ஒரு பாலஸ்தீன மருத்துவரையும் குற்றவாளிகளாக்கி மரண தண்டனை விதித்தார்கள். அவர்கள் 1998 மார்ச்சில் வேலைக்கு வருவதற்கு முன்பே அந்த வைரஸ் மருத்துவமனையில் சுற்றிக்கொண்டிருந்தது என்று 2006-இல் மரபணு மரம் காட்டியது. அடுத்த ஆண்டு அவர்கள் விடுதலையானார்கள். ஒருவரிடமிருந்து வரவில்லை என்று காட்டுவதில் மரம் வலிமையானது. ஒருவரிடமிருந்துதான் வந்தது என்று தனி ஆளைச் சுட்டுவதில் அவ்வளவு வலிமை அதற்குக் கிடையாது. இந்த வேறுபாட்டைக் காவல் நிலையங்கள் புரிந்துகொள்ளும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், ஒருவருடைய ஒப்புதல் இல்லாமல் பரிசோதிப்பதையும், நீதிமன்ற ஆணை போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அவருடைய நிலையை வெளியிடுவதையும் தடைசெய்கிறது. மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக எடுத்த வரிசையை, பரவல் வரைபடத்துக்குப் பயன்படுத்தினால் அதற்குத் தனியாக ஒப்புதல் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1986-இல் அந்தப் பெண்களிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. ஊரின் பெயரைப் போட்டு முடிவு வெளியிடுவதற்கும் அந்த ஊர் மக்களின் சம்மதம் வேண்டும். 'காசிமேடு கிளை' என்று ஒரு வைரஸ் வகைக்குச் செய்தித்தாளில் பெயர் வந்துவிட்டால், அதைத் துடைக்க எந்த மறுப்பும் போதாது.

அப்படியானால் வடசென்னைக்கு இதனால் என்ன பயன்? வைரஸ் ஊர்களுக்கு இடையே ஓடுகிறது என்றால், சிகிச்சையும் இரு முனையிலும் இருக்க வேண்டும். துறைமுகத்தருகே மட்டும் நம்பிக்கை மையம் என்னும் பரிசோதனை மையத்தைத் திறந்து, டிரைவர்களை மட்டும் பரிசோதித்துவிட்டு நிறுத்திக்கொள்வது, ராக்காயில் ஏரிக்கரையை மட்டும் பார்த்த பழைய தவறுதான். சூரத்துக்கு வேலைக்குப் போகும் ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தார் விஷயத்தில் இது வெகுநாளாகத் தெரிந்த செய்தி. அங்கே கிளம்பும் ஊரிலும் சேரும் ஊரிலும் வேலை செய்ய வேண்டியிருந்தது. எண்ணூரில் ஒப்பந்த வேலை முடிந்து ஊர் திரும்பும் ஒருவருக்குத் தேவைப்படுவது இடைவெளியில்லாத மாத்திரை. ஒரு ஏ.ஆர்.டி. மையத்திலிருந்து இன்னொன்றுக்குப் பதிவை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் ஒப்பந்தக்காரர் இன்று மாலை கிளம்பச் சொன்னால், நாளைக் காலை திறக்கும் மையத்தில் மாற்றுக் கடிதம் வாங்க அவரால் நிற்க முடியாது. விடியற்காலையில் மீனோடு கரையேறி, ஏலம் முடிந்து தூங்கப் போகும் லாஞ்சு ஆளுக்கும் அலுவலக நேரம் ஒத்துவராது. ஆகவே மையம் இரவில் ஒரு வேளையாவது திறந்திருக்க வேண்டும், மூன்று மாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும், கடிதம் இல்லாமல் வந்தாலும் எந்த மாநிலத்துக்காரர் என்றாலும் அன்றைக்கே மாத்திரை கொடுத்துவிட்டுப் பிறகு பதிவைச் சரிபார்க்க வேண்டும்.